கோவளம் வீடு: அலைச்சறுக்குப் பலகையில் விழுந்த குழிகள்

நான், காலை 7:10
[படம்] மாமா, பலகையைப் பாருங்கள். நேற்று மாலை கருநீலம் ஸ்ப்ரே செய்யும்போதே பெயிண்ட் அங்கங்கே விலகி ஓடியது. இப்போது மிளகளவு குழிகளாக நிற்கிறது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ரெசின் தெரிகிறது, விளிம்பு மேடாக இருக்கிறது.

சித்தப்பா, 7:18
கெட்டியாக இன்னொரு கோட் அடி. மூடிக்கொள்ளும்.

மாமா, 7:31
வேண்டாம் மச்சான். மூடவே மூடாது. பட்டறைக்கு வரும் கார்களிலும் இதே கோளாறுதான்: அடியில் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ மெழுகோ ஒட்டியிருக்கும், பெயிண்ட் அதன்மேல் நிற்காது. எத்தனை கோட் அடித்தாலும் அதே இடத்தில் குழி விழும். மாப்பிள்ளை, அடிப்பதற்கு முன் பலகைமேல் என்ன பட்டது?

அக்கா, 7:40
தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் காய்ச்சிப் பலகைக்கு மெழுகு செய்தோமே, அதே மேசையில்தான் பலகை கிடந்தது.

மாமா, 7:42
அதுதான். வேறு காரணம் தேடவே வேண்டாம்.

அம்மா, 7:45
பலகைக்கு எபாக்ஸி ரெசின் பூசிய அன்று இரவு தூறல் போட்டது. அதனால் கெட்டிருக்குமோ?

மாமா, 7:53
அதுவும் சேர்ந்திருக்கலாம் அக்கா. ஈரக்காற்றில் இறுகும் எபாக்ஸியின்மேல் மெழுகு போலப் பிசுபிசுப்பான படலம் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்து வந்துவிடும். இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பச்சை நாரும் எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவு, மாப்பிள்ளை. கழுவாமல் உப்புத்தாளைத் தொடாதே. தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

நான், 7:56
தின்னரால் துடைத்துவிடட்டுமா மாமா?

மாமா, 7:58
வேண்டவே வேண்டாம்! உள்ளே இருப்பது தெர்மாகோல். வெடிப்பிலோ ஊசித் துளையிலோ தின்னர் இறங்கினால் உள்ளே கரைந்து பள்ளமாகிவிடும். படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசினைத் தவிர்த்து உன்னை எபாக்ஸி வாங்க வைத்ததும் இதனால்தான். துடைக்க ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் போதும், அது தெர்மாகோலைக் கரைக்காது.

மாமா, 8:04
கழுவிய பிறகு பெயிண்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். கட்டையில் சுற்றிய 220 எண் உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டு அதைவிட நைசான 400. குழிக்குள் பட்டி வைத்து நிரப்பாதே, எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். ஓரங்களில் கட்டை வேண்டாம், கையால் மெதுவாகத் தேய். அங்கே ரெசின் மெல்லியதாக இருக்கும். ரெசினுக்குள் இருக்கும் ஃபைபர் துணியின் பின்னல் தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்திவிடு. அந்தத் துணி அறுந்தால் பலகையின் பலமே போய்விடும். பிறகு அந்த இடத்துக்கு மெல்லிய எபாக்ஸி பூச்சு ஒன்று கொடுத்துத்தான் பெயிண்டுக்குப் போக வேண்டும்.

சித்தப்பா, 8:10
எண்ணெய் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாமா, 8:13
நல்ல கேள்வி. சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். எங்கே விலகி முத்து முத்தாகப் பிரிகிறதோ, அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது.

நான், 8:15
பிறகு அதே கருநீலம்தானே மாமா?

மாமா, 8:19
வெள்ளை அடி. கருநிறம் வெயிலைக் குடிக்கும். பலகை சூடானால் தெர்மாகோலில் உள்ள காற்று விரிந்து ஃபைபர் தோலைத் தூக்கிவிடும். மணலில் ஒரு மதியம் போட்டு வைத்தாலே போதும். எத்தனை பேர் இப்படி நல்ல பலகையை இழக்கிறார்கள்! உனக்கு நீலம் பிடிக்குமென்று தெரியும். நடுவில் ஒரு பட்டை போட்டுக்கொள்.

அம்மா, 8:22
பெயிண்ட் புகை இவனுக்கு ஆகாதே?

மாமா, 8:25
நிறத்துக்கு அக்ரிலிக்தான், காற்றோட்டமான நிழலில், வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு அடிக்கட்டும். மாலையில் உப்புக்காற்று படியும், அப்போது வேண்டாம். ஆனால் மேலே அடிக்கும் கிளியர் கோட்டை நீ தொடக்கூடாது மாப்பிள்ளை. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. பலகையைப் பட்டறைக்குக் கொண்டு வா, வடிகட்டி உள்ள கவசம் போட்டு நானே அடித்துத் தருகிறேன்.

நான், 11:50
[படம்] கழுவிவிட்டேன். வால் பக்கம் தண்ணீர் படலமாக நிற்கிறது. மூக்கு அருகே பிரிகிறது.

மாமா, 11:54
மூக்குப் பக்கம்தான் மெழுகுப் பாத்திரத்தை ஒட்டிக் கிடந்திருக்கும். அங்கே மறுபடி சோப்பு போடு. ஞாயிறு காலை 220 தாளோடு வருகிறேன்.