கழுத்துத் தமனி ஒடுக்கம், மறுபடி வரும் பக்கவாதம்: தலைப்புக்குச் சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர்களுக்குமான பாடக்குறிப்பு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உள்ளே ஓரளவு முடித்துவிட்டேன் (அபாயத்தை அளக்கும் எண்ணுக்கு 'மதிப்பெண்' என்று போட்டிருக்கிறேன்), தலைப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். விஷயம் இதுதான்: மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிட்டது. ஒருமுறை பக்கவாதம் வந்துபோனது. இன்னொன்று வருமா, வந்தால் எப்போது என்று முன்கூட்டிக் கணக்கிடுவது. நான் போட்டிருப்பது: "கழுத்துத் தமனி அடைப்பு நோயாளிகளில் மீள் பக்கவாத இடர் முன்கணிப்பு". படிக்க எனக்கே மூச்சு வாங்குகிறது. திருத்துங்கள்.

தமிழாசிரியர்:
அம்மா, முயற்சிக்கு வாழ்த்து. ஆனால் தமனி வடசொல், வாதமும் அப்படியே. 'கழுத்து' நம் பக்கம் நிற்கிறது. அதற்கும் மூத்த சொல் மிடறு. புறநானூறு சிவனைக் 'கறைமிடற்று அண்ணல்' என்கிறது. செங்குருதி ஓடுவதால் செங்குழல். ஆக, "மிடற்றுச் செங்குழல் இடுக்கம்". ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதுநிலை மாணவி:
சொல்லிப் பார்த்தேன் ஐயா, ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் இன்று மிடறு என்றால் ஒரு வாய்த் தண்ணீர்தான். விழுங்கும் குழாயில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

நரம்பியல் மருத்துவர்:
தமனியோ குழலோ, எனக்கு எதுவும் சம்மதம். 'அடைப்பு' மட்டும் வேண்டாம். இது சொல்லழகுப் பிரச்சினை இல்லை. வழி குறுகியிருப்பது ஒன்று, முழுதாக மூடிக்கொண்டது வேறொன்று. 70 முதல் 99 சதவீதம் வரை குறுகியிருந்து, பக்கவாத அறிகுறியும் வந்திருந்தால், அறுவைசெய்து படிவை எடுப்பதில் பெரும் பயன் உண்டு. வழி நூல்போல மெலிந்து, அதற்கு மேலுள்ள தமனியே சுருங்கிப் போன நிலையில் அந்தப் பயன் குறைந்துவிடும். முழுக்க மூடிவிட்டால் பொதுவாக அந்த அறுவையே செய்வதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிக்கிற செவிலியர் நோயாளிக்கு எதை விளக்குவார்? '70 சதவீத அடைப்பு' என்று பேச்சில் எல்லோரும் சொல்கிறோம், நானும்தான். அச்சில் வேண்டாம். குறுகலுக்கு 'ஒடுக்கம்', மூடியதற்கு 'அடைப்பு' என்று பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சதவீதமே இரண்டு விதமாக அளக்கப்படுகிறது. வட அமெரிக்க முறையில், குறுகிய இடத்தின் அகலத்தை அதற்கு மேலே நலமாக உள்ள தமனியோடு ஒப்பிடுவார்கள். ஐரோப்பிய முறையில், அந்த இடமே முன்பு எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று ஊகித்து அதோடு ஒப்பிடுவார்கள். முதல் முறையில் 50 என்று வருவது இரண்டாவதில் ஏறக்குறைய 70. எந்த முறை என்று அடைமொழி சேர்க்காத சதவீதத்தை நம்பாதீர்கள்.

ஈழத்து நண்பர்:
வணக்கம். எங்கள் பாடநூல்களில் நாடி, நாளம் என்றுதான் படித்தோம். நாடி என்றால் நீங்கள் சொல்லும் தமனி, நாளம் என்றால் உங்கள் சிரை. நீங்களோ எல்லாக் குழாய்க்கும் பொதுவாக 'இரத்த நாளம்' என்கிறீர்கள். இந்தக் குறிப்பு கடல் தாண்டியும் வாசிக்கப்படும் என்றால், முதல் பக்கத்திலாவது 'தமனி அல்லது நாடி' என்று ஒரு வரி போடுங்கள். பக்கவாதத்தை நாங்கள் பாரிசவாதம் என்போம், அதையும் சேர்த்து.

தமிழாசிரியர்:
நாளம் என்றதும் ஒரு செய்தி. உள்ளே துளையுள்ள தண்டுக்கு நாளம் என்று பெயர், தாமரைத் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வடமொழியார் தங்களுடையது என்பார்கள். நள், நளி, நாளி, நாழி என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கிறது. தமனியோ 'ஊது' என்னும் பொருளுள்ள வடமொழி வேரில் பிறந்தது. இறந்த உடலில் இக்குழாய்கள் வெறுமையாகக் கிடந்ததால் காற்று ஓடுவதாக முன்னோர் எண்ணினார்கள். கிரேக்கர்களும் மூச்சுக்குழலையும் தமனியையும் ஒரே பெயரால் அழைத்தவர்கள்தான். தவறான உடற்கூற்றியலில் பிறந்த சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நரம்பியல் மருத்துவர்:
கரோட்டிட் என்பதும் அப்படித்தான் ஐயா. அழுத்தினால் மயக்கம் வருகிறது என்பதால் கிரேக்கத்தில் மயக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிழையில் பிறந்த சொற்களை எல்லாம் விலக்கினால் மருத்துவத்தில் பாதிச் சொல் மிஞ்சாது.

செவிலியர் பயிற்றுநர்:
'மீள்' பற்றி ஒருவரும் பேசவில்லையே? 'நோயிலிருந்து மீண்டார்' என்று தினமும் சொல்கிறோம். 'மீள் பக்கவாத நோயாளி' என்றால் என் மாணவிகள் குணமாகி வருகிறவர் என்றே படிப்பார்கள். நேர் எதிர்ப்பொருள்! 'மறுதாக்கு' என்றால் பதிலடி கொடுப்பதுபோல் இருக்கிறது. 'மறுபடி வரும் பக்கவாதம்' என்று நேராகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

தமிழாசிரியர்:
நீளம் குறையாது, அதுதான் குறை. கலைச்சொல் என்றால் தொகையாக இறுக வேண்டும். மீள்தாக்கு நல்ல வினைத்தொகை, ஒற்றுகூட மிகாது.

நரம்பியல் மருத்துவர்:
இறுக்கினால் வரும் சிக்கலைச் சொல்கிறேன். ஆய்வுகள் எண்ணுவது எந்தப் பக்கவாதத்தையும் அல்ல, குறுகிய தமனி இருக்கும் அதே பக்கத்து மூளையில் வருவதை. இதைத் தமிழில் 'அதே பக்கப் பக்கவாதம்' என்று எழுதினால் என்ன ஆகும்? இடப்பக்கத் தமனி குறுகினால் பாதிக்கப்படுவது இடப்பக்க மூளை, விழுவதோ வலக்கை, வலக்கால். பேச்சும் போகலாம். பக்கவாதம் என்ற சொல்லில் உள்ள பக்கம் உடம்பின் பக்கம். இந்த இரண்டு பக்கமும் மோதுகின்றன. தவிர, சிலருக்குக் கையும் காலும் நன்றாக இருக்கும், ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் சில நிமிடம் பார்வை மறையும். எச்சரிக்கை மணி அதுவே. அங்கே எந்தப் பக்கம் வாதம்? இந்தக் குறிப்பில் மட்டுமாவது 'மூளைத்தாக்கு' என்று வைத்தால் 'ஒடுக்கம் உள்ள பக்கத்து மூளைத்தாக்கு' என்று குழப்பமில்லாமல் எழுதலாம்.

செவிலியர் பயிற்றுநர்:
படிக்க வருகிறவர்களுக்குப் பக்கவாதம்தான் தெரியும் டாக்டர். மூளைத்தாக்கு என்றால் தலையில் அடிபட்டதா என்று கேட்பார்கள்.

புள்ளியியல் படித்தவர்:
இடர், வாய்ப்பு இரண்டில் எது என்று கேட்டால், என் வாக்கு வாய்ப்புக்கு. இடர் என்பது வந்துவிட்ட துன்பம். சம்பந்தர் 'இடர் களையாய்' என்று பாடியது வரப்போகும் நிகழ்தகவைக் களையச் சொல்லி அல்ல. வாய்ப்பில் நல்லது நடக்கும் தொனி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழைக்கும் புயலுக்கும் வாய்ப்பு என்று சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. முன்கணிப்பில் 'முன்' எதற்கு? நடந்ததை யாரும் கணிப்பதில்லை.

இதைவிட அவசரமானது 'மதிப்பெண்'. பக்கவாதம் வரும் அபாயத்தை அளக்கும் ஏபிசிடி-2 என்ற கணக்கில் வயது, இரத்த அழுத்தம், அறிகுறி, அது நீடித்த நேரம், நீரிழிவு ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஏழுக்குக் கூட்டுவார்கள். 'நீங்கள் ஏழுக்கு ஆறு மதிப்பெண்' என்றால் நோயாளி மகிழ்ந்துபோவார். 'அபாயப் புள்ளி' என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு கழுத்துத் தமனியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள். இந்தத் தலைப்பின் கீழ் அதை மட்டும் வைத்தால் பொருத்தமில்லை.

நரம்பியல் மருத்துவர்:
ஆமாம், அது முக்கியம். எண் சொல்லும்போதும் சொல்லைத் தேடாமல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 1991இல் வந்த வட அமெரிக்க ஆய்வு இப்படி: கடுமையான ஒடுக்கமும் அறிகுறியும் உள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்து மூளையில் தாக்கு வந்தது. அறுவையும் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 9. அது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பரவுவதற்கு முந்தைய காலம், எனவே இன்று அதே எண்ணை அப்படியே ஒப்பிக்க முடியாது. ஆபத்து அறிகுறி வந்த முதல் சில நாட்களில்தான் உச்சம், இரண்டு வாரத்துக்குள் அறுவை என்று வலியுறுத்துவது அதனால்தான். 'இடர்' என்று ஒற்றைச்சொல் போட்டால் எத்தனை நாளுக்குள் என்ற கேள்வி காணாமல் போகிறது.

தமிழாசிரியர்:
எல்லோரும் இதை மறந்துவிட்டீர்களே: 'எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்'. குறள் 429. முன்னறிந்து காப்பதும், அதிர வரும் நோயும் ஒரே குறளில்! 'அதிர்நோய்' என்று வைத்துவிடலாம். பக்கமும் இல்லை, வாதமும் இல்லை, மூளையும் இல்லை.

முதுநிலை மாணவி:
அழகுதான் ஐயா. வலிப்பு என்று நினைக்க மாட்டார்களா?

மொழிபெயர்ப்பாளர்:
நேரம் ஆகிவிட்டது, இத்தோடு எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு: "கழுத்துத் தமனி ஒடுக்கம்: மறுபடி பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கணித்தல்". உள்ளே, பக்கம் குறிக்க வேண்டிய இடங்களில் மட்டும் மூளைத்தாக்கு. மதிப்பெண் போய் அபாயப் புள்ளி. முதல் பக்கத்தில் நாடி, பாரிசவாதம் இரண்டும் உண்டு. சதவீதம் வரும் இடமெல்லாம் எந்த அளவுமுறை என்று சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் தலையாட்டியதாக எடுத்துக்கொள்கிறேன், அல்லது களைத்துவிட்டீர்கள்.

நரம்பியல் மருத்துவர்:
ஒரே புத்தகத்தில் இரண்டு சொல். தேர்வில் மாணவர்கள் இரண்டும் வெவ்வேறு நோய் என்று எழுதுவார்கள், பாருங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
என் மறுப்பும். 'வாய்ப்பு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.