ஆட்டிசம்: “வேணும்”னு சொல்றான், “எங்க?”ன்னு கேக்க மாட்டேங்கிறான்

திருச்சி அம்மா:
பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம். “தண்ணி வேணும்”, “ஊஞ்சல் போலாம்” எல்லாம் சொல்லுவான். எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டான். ரயில் பொம்மையைக் காணோம்னா வீடே அதிர அழுகைதான். படக்கார்டைக் காட்டி “இது என்னன்னு கேளு”ன்னா, “கேளு”வையும் சேர்த்து அப்படியே திருப்பிச் சொல்றான். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சிறப்பாசிரியை, மதுரை:
கார்டை எடுத்து வச்சிடுங்கம்மா. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு அவனுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல, அப்புறம் ஏன் கேப்பான்? பதில் அவனுக்குத் தேவைப்படணும்.

அந்த ரயிலே போதும். டப்பாவுல தண்டவாளத்தை மட்டும் விட்டுட்டு ரயிலை வேற இடத்துல வைங்க. திறந்து பார்த்துத் தேடுவான் இல்ல, அழுகை வர்றதுக்கு முன்னாடி, அவன் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க: “ரயில் எங்க?” அவ்வளவுதான், “கேளு”, “சொல்லு” எதுவும் வேண்டாம். அவன் “எங்க”ன்னதும் “தலகாணிக்கு அடியில”ன்னு சொல்லுங்க. அவனே போய் எடுக்கட்டும். நீங்க எடுத்துக் கொடுத்துட்டா கேள்விக்கே வேலை இல்ல. (அடியில, மேல, உள்ள இதெல்லாம் புரியுதான்னு முதல்ல பாத்துக்குங்க.) போகப் போக, சொல்லிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுத்துப் பாருங்க.

நடுநடுவுல ரயிலை டப்பாவுலயே விடுங்க. இல்லன்னா ரயில் கண்ணு முன்னாடி இருந்தாலும் “எங்க?”ன்னு சொல்லிக்கிட்டே டப்பாவைத் திறப்பாங்க. நிறைய பிள்ளைங்ககிட்ட பாத்திருக்கேன்.

“என்ன?”ன்னு கேக்க வைக்கிறதுக்கு, 1998ல கோகல்ங்கிற அமெரிக்க ஆட்டிசம் ஆய்வாளர் குழுவோட ஆய்வு ஒண்ணு உண்டு. உள்ள இருக்கிறது தெரியாத பையில பிள்ளைக்குப் பிடிச்ச சாமான். “இது என்ன?”ன்னு கேட்டதும் எடுத்துக் காட்டிப் பேரைச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. பிறகு சாதாரண சாமானையும் கலந்து, மெல்ல மெல்லப் பையையே எடுத்துட்டாங்க. பிள்ளைங்க கேக்கிறதை விடல, புதுப் பேர்களும் கத்துக்கிட்டாங்க.

கோவை அப்பா:
எங்க பொண்ணு பேசமாட்டா, டேப்லெட்ல படத்தை அழுத்துவா. “வேணும்” பக்கத்துலயே “எங்க?”ன்னு ஒரு பட்டன் வச்சோம். செருப்பைக் காணோம்னா இப்போ அதை அழுத்திட்டு எங்க முகத்தைப் பாக்குறா. பேச்சு வரட்டும்னு யாரும் காத்திருக்க வேண்டாம்.

திருச்சி அம்மா:
ரொம்ப நன்றி. என்கிட்ட மட்டும் கேட்டுப் பழகிட்டா? பாட்டிகிட்டயும் கேக்கணுமே.

சிறப்பாசிரியை, மதுரை:
ஒளிச்சு வைக்கிறது பாட்டியா இருக்கட்டும். உங்ககிட்ட வந்தா “எனக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரியும்”னு அனுப்புங்க. பாட்டி உடனே பதில் சொல்லணும், பாடம் நடத்தக் கூடாது. அழ ஆரம்பிச்சிட்டான்னா ரயிலைக் கொடுத்துட்டு அன்னிக்கு விட்டுடுங்க.