சி குங்கில் எந்த வகையை எடுத்துக்கொள்வது? (முழங்கால் தேய்மானம், கோத்தகிரி)

கோத்தகிரி மேடு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 56. தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்குப் பார்த்துவிட்டு இரண்டு வருடம் முன்பு நின்றுவிட்டேன். இடது முழங்காலில் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் நடப்பது என்றால் ஒன்று ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். வீட்டிலிருந்து ரோட்டுக்கு 62 படி, இறங்கும்போதுதான் உயிர் போகிறது.

போன வருடம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். காலையில் பிளாக்குக்குக் கீழே சீனப் பாட்டிகள் பத்துப் பன்னிரண்டு பேர் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு மெதுவாகக் கை கால் அசைப்பார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னை ஒரு பாட்டி கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை புரியாது, பார்த்துப் பார்த்தே செய்தேன். முதலில் விரல்களைக் கோத்து உள்ளங்கையை வானம் பார்க்கத் தூக்குவது, அப்புறம் வில்லை இழுப்பது போல ஒன்று, கடைசியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. திரும்பி வந்தபோது படிகள் கொஞ்சம் லேசாக இருந்தன. இங்கே வந்ததும் விட்டுப்போனது.

அது சி குங், மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி என்று மகள் சொன்னாள். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று தேடினால் மருத்துவ வகை, தற்காப்பு வகை, தாவோ வகை, பௌத்த வகை, கன்பூசிய வகை என்று ஒரே குழப்பம். "போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், அவர் கொடுத்த யீஜின் ஜிங் என்ற தசைநார்ப் பயிற்சியைக் கற்றுக்கொள், அதுதான் நம்ம சொத்து" என்கிறான் தம்பி. எதைப் பிடிப்பது? பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

குன்னூர் சாரல்:

அக்கா, நீங்கள் தேடிக்கொண்டிருப்பது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் செய்தது பா துவான் ஜின், அதாவது எட்டுத் துண்டுப் பட்டு. வானத்தைத் தாங்குவது முதல் துண்டு, வில் இழுப்பது இரண்டாவது, குதிகாலை ஏழு தடவை தூக்கி இறக்குவது எட்டாவது. சீனாவின் சோங் வம்ச காலத்திலிருந்தே இந்தப் பெயர் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் ஐந்து வகையும் எதற்காகச் செய்கிறோம் என்பதை வைத்துப் பிரித்தது, ஐந்து தனித்தனிப் பயிற்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இதே எட்டுத் துண்டை வைத்தியரும் சொல்லித் தருவார், குங்ஃபூ ஆசானும் சொல்லித் தருவார். அதனால் பிரிவின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போனால் முடிவே வராது. நான் அப்படித்தான் ஒரு வருடம் தொலைத்தேன், மூன்று மாதம் ஐந்து விலங்கு ஆட்டம் (புலி, மான், கரடி, குரங்கு, பறவை), அப்புறம் ஆறு ஒலி மூச்சு, அதையும் விட்டு இன்னொன்று. எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பிறகு பா துவான் ஜின் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், ஆறு வருடம் ஆகிறது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம், ஒரு பாய் அகலம் இடம் போதும், மழை பிடித்தால் ஹாலிலேயே செய்யலாம். நம்ம மலைக்கு இதை விடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

எட்டில் உங்கள் முழங்காலுக்கு ஆகாதது ஐந்தாவது. குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முட்டியை மடக்கி, தாழ்ந்து நின்று தலையையும் இடுப்பையும் சுற்றுவார்கள். நீங்கள் தாழவே வேண்டாம், காலை லேசாக மடக்கினால் போதும், முட்டி கால் விரல் போகும் திசையிலேயே இருக்கட்டும், உள்பக்கம் சரியக் கூடாது. எட்டாவதில் குதிகாலைத் தொப்பென்று போடாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் மரப்பலகைத் தரை, நான் குதிகாலைப் போட்டால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் வராத அளவுக்கு இறக்குவது என்று வைத்துக்கொண்டேன், நல்ல அளவுகோல் அது.

இன்னொன்று, விடிகாலையில்தான் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி கொட்டும் நேரத்தில் விறைத்த மூட்டோடு வெளியே நிற்பதை விட, பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஸ்வெட்டரோடு நிற்பது மேல்.

கொடை மேகம்:

போதிதர்மர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன் அக்கா, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. 6ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, அதே நூற்றாண்டின் இன்னொன்று பாரசீகர் என்கிறது. காஞ்சிபுரம் என்பது பின்னால் வந்த மரபு. யீஜின் ஜிங் நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அவர் பெயரை அதில் பிறகு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் முடிவு. பயிற்சி அருமையானது, நான் செய்கிறேன். ஆனால் தசைநாரை முழுதாக இழுத்து நீட்டுவது அதன் உயிர், ஆரம்பிக்கிறவர்களுக்குக் கடினம். நம்ம ஊர்க்காரர் கொடுத்தது என்ற காரணத்துக்காக எடுக்க வேண்டாம்.

சி குங் என்ற பெயர் இன்றைய அர்த்தத்தில் பரவியதே 1950களில்தான். ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்ஜென் என்பவர் சிகிச்சை முறையாக அதை ஒழுங்குபடுத்தினார். பயிற்சிகள் அதற்கு மிகவும் மூத்தவை. சீனாவில் மாவாங்துய் என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த பட்டு ஓவியத்தில் 44 பேர் விதவிதமாக உடம்பை நீட்டி வளைத்து நிற்கிறார்கள். அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். தம்பிக்குப் பழமைதான் வேண்டும் என்றால் அதைக் காட்டுங்கள்.

ஊட்டி பிசியோ:

மேலே இருவரும் சொன்னது சரி. மருத்துவப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். சி குங்குக்கு நெருங்கிய தாய் சியை முழங்கால் தேய்மானத்துக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2019 வழிகாட்டுதலில் உறுதியாகவே பரிந்துரைத்தது. அதற்கு முன்பு 2016இல் 204 பேரை வைத்து வெளியான ஆய்வில் பன்னிரண்டு வாரத் தாய் சி, வழக்கமான பிசியோதெரபி அளவுக்கே பலன் கொடுத்தது. பா துவான் ஜின்னும் அதே போல மெதுவாக எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிற வேலைதான், தொடைத் தசை பலப்பட்டால் படி இறங்கும்போது முட்டிக்குப் பாரம் குறையும்.

பிரஷர் இருப்பதால் ஆறாவது துண்டில், கையால் பாதத்தைத் தொடக் குனியும்போது, தலையைத் தொங்கவிடாதீர்கள், முழங்கால் வரை போய் மெதுவாக நிமிருங்கள். மூச்சை எங்கேயும் அடக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆசிரியர் கிடைத்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

உடம்பு தானாக ஆடும் வரை விடுகிற பயிற்சிகளும், மணிக்கணக்கில் சக்தி ஓட்டத்தையே நினைத்து உட்காருகிறவையும் இருக்கின்றன. அவற்றைத் தனியாக வீடியோ பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். அளவு மீறிய பயிற்சியில் மனம் கலங்கிப் போனவர்களைப் பற்றி 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டிலேயே குறிப்பு இருக்கிறது. மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை அக்கா, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன்.

கோத்தகிரி மேடு:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்குப் பதினோரு மணிக்கு மேகம் விலகியதும் வீட்டு வாசலில் நின்று முதல் நான்கும் கடைசியும் செய்தேன், கை வில் இழுப்பதை மறக்கவேயில்லை. ஐந்தாவதைப் படித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. என்னைக் கூப்பிட்ட அந்தப் பாட்டி அது வரும்போது மட்டும் வரிசையை விட்டு விலகிப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே இடுப்பை மட்டும் சுற்றுவார். அவருக்கும் முட்டி வலி இருந்திருக்கும் போல, எனக்கு அப்போது தோன்றவில்லை. வாசலில் கொய்யா மரம் இருக்கிறது, நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு செய்து பார்க்கிறேன்.

குன்னூர் சாரல்:

செய்யுங்கள் அக்கா. மரத்தடியில் பாசி இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள், இப்போது எல்லா இடமும் வழுக்குகிறது.