மறு: ‘சாரக்கட்டு’ சரிதானா? அதைப் பிரிப்பதற்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் ஒன்றைத் தாமே செய்யப் பழகும்வரை கொடுத்து, பிறகு விலக்கிக்கொள்ளும் உதவியைக் கல்வியியலில் ‘ஸ்காஃபோல்டிங்’ என்கிறார்கள். கட்டட வேலையில் கட்டும் சாரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் அது. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே முதலில் கேட்டவள் நான். வகுப்பறைத் தொழில்நுட்பத்தைப் பற்றிய ஆய்வுகளைச் சிங்கப்பூரில் எங்கள் ஆசிரியர் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் சுருக்கி எழுதிவருகிறேன். அந்தக் கட்டுரைகளில் இரண்டு பத்திக்கு ஒரு முறை இந்தச் சொல் எதிர்ப்படுகிறது. ‘உதவி’ என்று எழுதினால் பொருள் கரைந்துவிடுகிறது. ‘ஸ்காஃபோல்டிங்’ என்றே விட்டுவிட்டால் எங்கள் வட்டத்தின் மூத்த ஆசிரியர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வந்த பதில்களில் மூன்றை மீண்டும் இங்கே தருகிறேன்.

> கல்வியியல் பாடங்களில் ‘சாரக்கட்டு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புழங்கும் சொல்லை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். (கோவைப் பேராசிரியர் ஐயா)

> சாரம் என்றால் பிழிவு, சத்து. ‘பாடத்தின் சாரம்’ என்று நாமே எழுதுகிறோம். கொடிக்குக் கொழுகொம்பு இருக்கும்போது கட்டட வேலை எதற்கு? (ஈப்போ நண்பர்)

> குழந்தை நடக்கப் பழகும் நடைவண்டியைவிடப் பொருத்தமான உவமை உண்டா? (யாழ்ப்பாணத்து அக்கா)

மூன்றையும் பல நாள் மனத்தில் போட்டுப் பார்த்தேன். முதலில் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலரும் இதைச் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் சொல் என்றே எழுதுகிறார்கள். அவர் 1934-இல் மறைந்தவர். அவருடைய ‘அருகமை வளர்ச்சி மண்டலம்’ (தனியாக முடியாவிட்டாலும் பிறர் துணையோடு பிள்ளை எட்டக்கூடிய எல்லை) என்ற கருத்தோடு இச்சொல்லைப் பின்னால் வந்தவர்கள்தாம் சேர்த்துக் கட்டினார்கள். கற்பித்தலில் இச்சொல் வேரூன்றக் காரணமானது டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரை. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேர் 21 மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு பிரமிடை எழுப்ப வேண்டும். பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருப்பார். முடிந்தவரை குழந்தையே செய்யட்டும் என்று விட்டுவிட்டு, தடுமாறும் இடத்தில் மட்டும் அவர் கை கொடுப்பார். அவர் செய்யும் வேலைகளை ஆறாகப் பிரித்தார்கள்: ஆர்வத்தை ஈர்ப்பது, வேலையைக் கைக்கு அடங்குமாறு சுருக்குவது, இலக்கை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது, முக்கியமானதைச் சுட்டுவது, எரிச்சலைத் தணிப்பது, செய்துகாட்டுவது. அந்தப் பயிற்றுநரின் இடத்தில் இன்று பெரும்பாலும் ஒரு திரை இருக்கிறது. நம் விவாதத்துக்கு இப்போது அவசரம் வந்திருப்பது அதனால்தான்.

கொழுகொம்பு மிக அழகான சொல். எனக்கும் முதலில் அதன்மேல்தான் ஆசை. ஆனால் கொம்பைப் பிடுங்கினால் கொடி சரிந்துவிடும். கடைசிவரை பற்றிக்கொண்டிருப்பதுதான் கொடியின் இயல்பு. நமக்கு வேண்டிய பொருளுக்கு இது நேர் எதிர். சிலர் தனிமடலில் எழுதிய ‘ஊன்றுகோல்’ வேறு வகையில் நெருங்கி வருகிறது. குறளின் கேள்வி அதிகாரத்தில் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்று வருகிறது (415). வழுக்கும் இடத்தில்தான் கோல் தேவை என்ற நுட்பம் அதில் இருக்கிறது. எனினும் இன்றைய வழக்கில் ஊன்றுகோல் என்றதும் முதுமையும் தளர்ச்சியுமே நினைவுக்கு வருகின்றன. வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நடைவண்டி, அக்கா, என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. நடை பழகியதும் யாரும் சொல்லாமலே குழந்தை அதை விட்டுவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் பல்கலைக்கழக மாணவர் ஒரு புள்ளியியல் மென்பொருளில் பெறும் உதவியை நடைவண்டி என்று எழுதினால் அவரைச் சிறுமைப்படுத்துவது போலாகிவிடும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உவமை கிடைக்காது. கலைச்சொல்லாக நிற்க அதனால் முடியாது.

மிஞ்சியது சாரக்கட்டு. இதில் என் மனத்தை மாற்றியவர் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி. எங்கள் அடுக்குமாடி புளோக்கை அடுத்து எழும் கட்டடத்தில் சாரம் கட்டும் வேலை அவருக்கு. பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்தேன். சாரம்தானே கட்டடத்தைத் தாங்குகிறது என்று நான் கேட்டதும் அவர் உடனே மறுத்தார். சாரம் எதையும் தாங்குவதில்லை அக்கா, கொத்தனார் ஏறி நின்று வேலை செய்வதற்குத்தான் சாரம் என்றார். தளத்துக்கு அடியில் கொடுப்பது முட்டு, அது வேறு என்றார். சாரத்தை ஆங்காங்கே கட்டடத்தோடு பிணைத்திருப்பார்களாம். பிரிக்கும்போது மேலிருந்து கீழாகத்தான் பிரிக்க வேண்டுமாம்.

இந்த மூன்று செய்திகளை நான் எந்தக் கல்வியியல் நூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. பிள்ளை இங்கே கட்டடம் அல்ல, கட்டுபவர். கை எட்டாத உயரத்துக்கு அவரை ஏற்றிவிடுவதுதான் சாரம். சுவரை எழுப்ப வேண்டியது அவரே. அந்தச் சாரமும் ஏற்கெனவே எழுந்திருக்கும் சுவரோடுதான் பிணைக்கப்படுகிறது, அதாவது பிள்ளைக்கு முன்பே தெரிந்ததோடு. ஆகவே ‘தாங்கு கற்பித்தல்’, ‘ஆதரவுக் கற்பித்தல்’ முதலியவை மொழிபெயர்ப்பிலேயே தடம் மாறிவிட்டன என்பது என் உறுதியான கருத்து. அவை முட்டுக்கு உரிய சொற்கள்.

ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பயன்பாட்டில் இருக்கும் சாரத்தை ஏழு நாளுக்கு ஒரு முறையாவது மேற்பார்வையாளர் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் கணினிப் பாடத்தில் நாம் போட்டுவைக்கும் குறிப்புகளை அக்டோபருக்குள் எத்தனை முறை திறந்து பார்க்கிறோம்?

என் உயர்நிலை இரண்டு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டுரைக்கு உதவிச்சொற்கள் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் சொந்தமாக ஒரு கணினிக் கருவி வந்த பிறகு, அந்தப் பட்டியலைத் திரையின் ஓரத்திலேயே நிற்குமாறு அமைத்தேன். சொல்லைத் தொட்டால் பொருளும் மாதிரி வாக்கியமும் வரும். ஆண்டு முழுவதும் கட்டுரைகள் செழிப்பாக வந்தன. நானும் மகிழ்ந்திருந்தேன். ஒரு நாள் இணையம் தடைப்பட்டது. தாளில் எழுதச் சொன்னேன். நன்றாக எழுதும் ஒரு மாணவி அரை மணி நேரத்தில் நான்கு வரி எழுதிவிட்டு, தனக்குத் தமிழ் மறந்துவிட்டதோ என்று கேட்டாள். அவள் எதையும் மறக்கவில்லை. நான்தான் பட்டியலை ஒரு சொல்கூடக் குறைக்காமல் ஓராண்டு முழுவதும் அப்படியே விட்டுவைத்திருந்தேன். பிரிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அதற்கென ஒரு சொல் என் வாயில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

இது என் வகுப்பில் மட்டும் நடப்பதன்று. கணினிவழிச் சாரக்கட்டு பயன் தருகிறது என்பதில் ஐயமில்லை. பெலண்டும் அவருடைய குழுவினரும் 2017-இல் அறிவியல், கணிதத் துறைகளில் 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவளவு (உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் எண்) 0.46 என்று வந்தது. கல்வி ஆய்வில் இது நல்ல அளவு. ஆனால் கல்வி ஆய்வாளர் ராய் பீ 2004-லேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். விலக்கிக்கொள்ளப்படாத உதவியைச் சாரக்கட்டு என்றே அழைக்கக் கூடாது, அது வேலையைக் கருவியோடு நிரந்தரமாகப் பங்கிட்டுக்கொள்வது என்றார். வான் டி பொல்லும் உடன் ஆய்ந்தவர்களும் 2010-இல் மூன்று அடையாளங்களை வகுத்தார்கள்: மாணவரின் அப்போதைய நிலைக்கு ஏற்ற உதவி, உதவியைப் படிப்படியாகக் குறைத்தல், பொறுப்பு மாணவர் கைக்கு மாறுதல்.

அண்மையில் துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டிவிட்டது. கணிதப் பயிற்சியின்போது ஒரு பிரிவுக்கு வழக்கமான ஜிபிடி-4 செயற்கை நுண்ணறிவு உரையாடியைக் கொடுத்தார்கள். பயிற்சி மதிப்பெண் 48 விழுக்காடு உயர்ந்தது. பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அது கையில் இல்லாமலே படித்த மாணவர்களைவிட அவர்கள் 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு, ஆசிரியர்களின் வழிகாட்டுதலோடு அமைத்த உரையாடியைக் கொடுத்தார்கள். அவர்களுடைய பயிற்சி மதிப்பெண் 127 விழுக்காடு உயர்ந்தது. தேர்வில் அந்தச் சரிவும் பெருமளவு நீங்கியது. முதல் பிரிவினர் ஏறி நிற்கவில்லை, சாய்ந்து நின்றார்கள். முட்டு, சாரம் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாட்டை ஆசிரியருக்கு எப்படி விளக்குவது?

இனி, உதவியைப் படிப்படியாகக் குறைப்பதைக் குறிக்கும் ‘ஃபேடிங்’. சென்னை நண்பர் ‘மங்கல்’ என்றார். வேறொருவர் ‘தேய்தல்’ என்றார். இரண்டும் தாமாக நடப்பவை. விளக்கு மங்கும், நிலா தேயும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாரத்தைப் பிரித்தல் அப்படியன்று. ஒருவர் ஏறிப்போய், எந்தக் குழாயை முதலில் கழற்றுவது என்று முடிவெடுத்துச் செய்ய வேண்டும். ஆங்கிலச் சொல் மறைத்துவிட்ட ஆளைத் தமிழ்ச் சொல் வெளியே கொண்டுவருகிறது. ஆகவே இந்த இடத்தில் மூலத்தைவிட நம் சொல் நன்றாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

ஈப்போ நண்பரின் மறுப்பை நான் ஒதுக்கவில்லை. ‘சாரம் பிரித்தல்’ என்று எழுதினால் ‘சத்தைப் பிரித்தெடுத்தல்’ என்று படிக்க இடமுண்டு. தலைப்பில் அப்படி வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். எனவே எழுத்தில் எப்போதும் முழுச்சொல்லாகச் ‘சாரக்கட்டு’ என்றும், ‘சாரக்கட்டைப் பிரித்தல்’ என்றும், பெயராக வேண்டிய இடத்தில் ‘கட்டுப்பிரிப்பு’ என்றும் ஆளலாம். கட்டடத் தொழிலாளர் பேசும்போது சாரம் என்றே சொல்லட்டும், அது அவர்கள் சொல்.

மாணவரின் நிலையறிந்து அந்த நேரத்தில் செய்யும் உதவிக்கு ‘உற்றுழி உதவி’ என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன். புறநானூற்றின் 183-ஆம் பாட்டு ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்’ என்று தொடங்குகிறது. அங்கே ஆசிரியருக்கு இடர் வந்தபோது மாணவர் உதவுகிறார், இங்கே திசை மாறுகிறது. கற்றலைப் பற்றிய பாட்டிலிருந்தே சொல் கிடைக்கும்போது எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். புலவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிக்கக் கூடாத உதவியும் உண்டு. எழுத்துகள் தடுமாறும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு உரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் மூக்குக்கண்ணாடியைப் போன்றது. அதைக் கழற்றுவது கொடுமை. அதைச் சாரக்கட்டிலிருந்து பிரித்துக் காட்ட ‘நிலைத்துணை’ என்று வைக்கலாமா? என் மாணவியின் சொற்பட்டியல் சாரக்கட்டாக இருந்திருக்க வேண்டியது. நான் அதை நிலைத்துணையாக்கிவிட்டேன்.

ஒரு நினைவு. தமிழ் இணையத்துக்கென முதல் மாநாடு 1997 மே மாதம் இந்தத் தீவில்தான் கூடியது. இங்குத் தேசியக் கல்விக் கழகத்தில் கற்பித்த நா. கோவிந்தசாமி அதற்கு முன்னின்றார். அதே ஆண்டில்தான் இங்குள்ள பள்ளிகளுக்கான முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டமும் தொடங்கியது. அன்று தொட்டு விசைப்பலகை, எழுத்துரு, உலாவி என்று கருவிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டோம். அந்தக் கருவி பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இன்னும் சொற்கள் போதவில்லை. 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுவதும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது பெற்றோர்களிடம் தமிழில் விளக்க நான் பட்ட பாடு அதை எனக்குக் காட்டியது.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘தொடக்கநிலை ஐந்தில் பின்னக் கணக்குக்கு அமைத்த சாரக்கட்டை மூன்றாம் வாரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினோம்.’

‘மென்பொருள் உற்றுழி உதவுகிறது, ஆனால் அதில் கட்டுப்பிரிப்புக்கு வழியே இல்லை.’

‘இந்தக் குறிப்பு நிலைத்துணையா, சாரக்கட்டா என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.’

வாய்விட்டுப் படித்தபோது முதலும் மூன்றும் தடையின்றி ஓடின. இரண்டாவதில் ‘உற்றுழி’ சற்று இடறுகிறது. அதற்கு எளிய சொல் யாரிடமேனும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை சுருக்கத்தை வாசிப்பு வட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியை
சிங்கப்பூர்