லிங்க்ட்இன்ல சரியான ஆளுங்கள எப்படி சேர்க்குறது? ஹெல்ப் பண்ணுங்க

மும்பை தமிழ் அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். தாராவி 90 அடி ரோடு பக்கம் எங்க அப்பாவோட லெதர் பட்டறை இருக்கு, லேப்டாப் பேக், பர்ஸ், பாஸ்போர்ட் கவர் எல்லாம் நாங்களே வெட்டி தைச்சு குடுக்குறோம், தீபாவளி கிஃப்டுக்கு மொத்தமா வாங்குற பெரிய கம்பெனிங்க பக்கத்துலயே பிகேசில (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இருக்கு, ஆனா நடுவுல ஏஜென்ட் இல்லாம அவங்க கிட்ட போகவே முடியல. அதான் லிங்க்ட்இன்ல இறங்கிருக்கேன்.

இப்போ என் போஸ்ட்ட பாக்குறது காலேஜ் ஃப்ரெண்ட்ஸும் சொந்தக்காரங்களும் தான். எனக்கு வேண்டியது எச்ஆர், அட்மின், பர்ச்சேஸ்ல இருக்கவங்க. கனெக்‌ஷன் (ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு சேருறது) 30,000 வரைக்கும் தான், ஃபாலோயருக்கு (நம்ம போஸ்ட்ட பாக்க மட்டும் சேருறவங்க) அந்த லிமிட் இல்ல, அதனால ப்ரொஃபைல்ல ஃபாலோ பட்டன முன்னாடி வைக்கணுமா, இல்ல ஒவ்வொருத்தருக்கா நோட் எழுதி கனெக்ட் அனுப்பணுமா? எனக்கு ரெண்டாவது தான் சரின்னு படுது, ஆனா ஃப்ரீ அக்கவுண்ட்ல நோட் கொஞ்சம் தான் அனுப்ப விடுறாங்க.

கம்பெனி பேஜ் தனியா வேணுமா, என் பேர்லயே எழுதுனா போதுமா?

போஸ்ட்ல 3,000 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, ஆனா முதல் சில வரியோட மடிச்சிடுது, அந்த வரில என்ன இருந்தா மேல படிப்பாங்க? அப்பா தோல இழுத்துப் பாத்து எந்தப் பக்கம் நீளும்னு கண்டுபிடிச்சு வெட்டுறத வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், அவ்ளோ அழகா இருக்கும், அத அப்படியே போடவா இல்ல தனித்தனி ஃபோட்டோவா எடுத்து பிடிஎஃப்ல போடவா?

காசு குடுத்து ஃபாலோயர் வாங்குறது மட்டும் வேணாம். லிங்க்ட்இன் வழியா கார்ப்பரேட் ஆர்டர் புடிச்சவங்க யாராச்சும் இருந்தா முதல்ல என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, தீபாவளி ஆர்டர் பேச ஆரம்பிக்குறதுக்குள்ள தயாராகணும்.