மலைக்காட்டு மரப்பெரணி: டைனோசர் காலத்துச் செடிதானா?

ஓடைவழி:
மூடுபனி நிற்கும் மலைச்சரிவில், ஓடை ஓரமாக இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பெரணியைப் பார்த்தேன். கறுத்த தண்டு முழுக்க முட்டை வடிவத் தழும்புகள். உச்சியில் செதில் போர்த்திய சுருள்கள். அடிப்பகுதியை அழுத்தினால் விரல் லேசாக உள்ளே போகிறது. "டைனோசர் காலத்திலிருந்து மாறவே இல்லை" என்று வழிகாட்டி அடித்துச் சொன்னார். நம்பலாமா?

செதிலிலை:
தழும்பையும் செதிலையும் வைத்துப் பார்த்தால் சயாத்தியா குடும்பத்து மரப்பெரணி. தழும்புகள் பழைய இலைகள் உதிர்ந்த இடம். விரல் உள்ளே போன பகுதி பட்டையே இல்லை, வேர்! மரங்களைப் போல ஆண்டுதோறும் பருக்கும் திசு பெரணிக்குக் கிடையாது. தண்டிலிருந்தே வேர்கள் இறங்கி, பின்னிப் பின்னி அடியைத் தாங்குகின்றன. அடுத்த முறை அந்த வேர்மெத்தையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சவ்வுப் பெரணிகள் ஒட்டியிருக்கலாம். நரம்பை விட்டால் இலையின் தடிமன் ஒரே ஒரு செல்தான். காற்று போய்வரும் இலைத்துளையும் கிடையாது. காய்ந்தால் சுருண்டுவிடும், பனி பட்டதும் விரியும். எனக்கு மரப்பெரணியைவிட இதுதான் அதிசயம்.

வழிகாட்டி சொன்னது பாதி சரி. இந்த வம்சத்துக்கு ஜுராசிக் காலப் புதைபடிவங்கள் உண்டு. அதற்காக இன்றைய இனங்களும் அவ்வளவு பழசு என்றாகிவிடாது. இன்றுள்ள பெரணிகளில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் காட்டை நிழலாக்கிய பிறகு கிளைத்துப் பெருகியவை. மாறாத பெரணிதான் வேண்டுமென்றால் ஒஸ்முண்டா குடும்பத்தைப் பாருங்கள். ஸ்வீடனில் எரிமலைப் படிவுக்குள் கிடைத்த சுமார் 18 கோடி ஆண்டுப் பழைய தண்டில் செல் உட்கருவும் குரோமோசோமும்கூட அப்படியே இருந்தன. 2014-இல் வெளியான ஆய்வு அது. உட்கருவின் அளவு அதே குடும்பத்தின் இன்றைய பெரணியோடு ஒத்துப்போனது.

பாறைநிழல்:
தோற்றத்தை வைத்து வயது சொன்னால் சைலோட்டம் என்ற செடி காலை வாரிவிடும். வேரில்லை, சரியான இலையில்லை, வெறும் பச்சைக் குச்சி. ஆதி நிலத்தாவரத்தின் மிச்சம் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்தால் ஓபியோகிளாசம் என்ற பெரணியின் பங்காளி!

இன்னொரு வினோதம் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உள்ள விட்டாரியா அப்பலாச்சியானா என்ற பெரணி. நாம் பெரணி என்று அடையாளம் காணும் இலைச்செடியாக அது வளர்வதே இல்லை. பாறை இடுக்கின் இருட்டில் பச்சைப் படலமாகவே, சின்னச் சின்ன மொட்டுத் துணுக்குகளால் பரவுகிறது. பார்த்தால் பாசி என்று தாண்டிப் போய்விடுவோம்.

ஓடைவழி:
நன்றி இருவருக்கும். சின்னக் கன்று ஒன்றும் பக்கத்தில் இருந்தது. எடுத்து வந்து தொட்டியில் வைத்தால் வருமா?

செதிலிலை:
வேண்டாம் நண்பரே. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு வளர்நுனி உச்சியில் ஒன்றே ஒன்று. அது வாடினால் மொத்தமும் போச்சு. சயாத்தியா இனங்களின் பன்னாட்டு வணிகமும் சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், ஸ்போர்ப் பொட்டுகள் (பெரணி பரவ உதவும் நுண்தூள் இருக்கும் புள்ளிகள்) அமைந்த விதத்தைப் பார்த்து எந்த இனம் என்று தேடலாம்.