மாடல் கட்ட ஆரம்பித்த பிறகு படம் பார்ப்பது மாறியதா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளாஸ்டிக் கிட் (பாகம் பாகமாக வரும் மாடலைச் சேர்த்துக் கட்டும் பெட்டி) கட்டுகிறவர்கள், காமிக்ஸ் படிக்கிறவர்கள், பழைய தொடர்களை விடாமல் பார்க்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கையால் ஒரு மாடலைக் கட்டிப் பழகிய பிறகு நீங்கள் திரையைப் பார்க்கும் விதம் மாறியதா? எனக்கு நிறையவே மாறியது. நானே தொடங்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வந்தால் மேசையில் ஒரு கிட் பிரித்தபடி கிடக்கும், எதிரே ஏதாவது ஒரு படம் ஓடும். முன்பெல்லாம் விண்கலம் வந்தால் அது எங்கே போகிறது, யாரைச் சுடுகிறது என்றுதான் பார்ப்பேன். இப்போது கண் நேராக அதன் மேல்தோலுக்குப் போய்விடுகிறது. 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு மாடல் செய்த குழு, கடைகளில் விற்கும் டாங்கி, விமான கிட்களை வாங்கி, அவற்றின் சின்னச் சின்னப் பாகங்களைக் கலங்களின் மேல் நெருக்கமாக ஒட்டியது. எந்தப் பாகம் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் பார்த்ததும் இது ஓடி உழைத்த இயந்திரம் என்று மனம் நம்பிவிடுகிறது. ஒரு டாங்கி கிட்டைக் கட்டியவர் அந்தக் காட்சியை நிறுத்திவைத்துப் பாருங்கள். இந்தத் தகடு எனக்குத் தெரியுமே, இந்தச் சக்கரத்தை நான் ஒட்டியிருக்கிறேனே என்று தோன்றும். அந்தச் சந்தோஷத்துக்காகவே சில காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம், வேகம். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். மினியேச்சர் கட்டிடம் இடிந்து விழுவதைச் சாதாரண வேகத்தில் படம் பிடித்தால் பொம்மை வீடு சரிந்த மாதிரிதான் இருக்கும். உயரம் குறைவு என்பதால் துண்டுகள் சட்டென்று தரைக்கு வந்துவிடும். அதனால் கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்டுகிறார்கள். அப்போது விழுவது மெதுவாகத் தெரியும். எவ்வளவு வேகம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1/25 அளவு மாடல், அதாவது அசலில் 25இல் ஒரு பங்கு என்றால், 25இன் வர்க்கமூலம் 5. வழக்கமான வேகமான வினாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) என்பதை ஐந்தால் பெருக்கினால் 120. 1954இல் வந்த முதல் காட்ஸில்லா படத்தில் அந்த ராட்சத மிருகம் மிதிக்கும் நகரம் பெரும்பாலும் இந்த 1/25 அளவில்தான் கட்டப்பட்டது. ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் நடக்கிறார் என்று தெரிந்தே பார்க்கிறேன். இருந்தும் அந்தக் கால் மெதுவாக இறங்கும்போது அதன் எடை எனக்குத் தெரிகிறது. கேமராவை வேகமாக ஓட்டியதால் கிடைத்த எடை அது.

தண்ணீரை மட்டும் இந்தக் கணக்கால் முழுக்க ஏமாற்ற முடியாது. கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க வழியில்லை. அதனால்தான் கடல் காட்சிகளுக்கான மாடல்களை முடிந்தவரை பெரிதாகக் கட்டினார்கள். இப்போதெல்லாம் கடல் சண்டைக் காட்சி வந்தால் நான் முதலில் பார்ப்பது கப்பலின் முனையில் தெறிக்கும் நுரையைத்தான்.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

அருமையான கேள்வி. நான் கட்டுவது குறைவு, பார்ப்பது அதிகம். ஆனால் ஒரு அசல் மாடலின் முன்னால் நின்ற அனுபவம் இருக்கிறது.

ஸ்டார் ட்ரெக் தொடருக்காக 1964இல் செய்த எண்டர்பிரைஸ் கலத்தின் மாடல் வாஷிங்டனில், தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 11 அடிக்கு மேல். திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீளமே முதல் அதிர்ச்சி. கைக்கு அடக்கமான ஒரு பொருளைத்தான் நான் எதிர்பார்த்துப் போனேன். நல்ல மரவேலை, அதன் மேல் பெயின்ட். சுற்றிவந்து இடது பக்கத்தைப் பார்த்தால் வேறு கதை. விளக்குகளுக்கான ஒயர் எல்லாம் அந்தப் பக்கம்தான் உள்ளே போகிறது, அதனால் அங்கே நுணுக்கம் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். கேமரா பார்க்கப்போவது வலது பக்கத்தை மட்டும்தானே.

அந்த வெறும் பக்கத்தின் எதிரில் நான் ரொம்ப நேரம் நின்றேன். நேரமும் பணமும் குறைவாக இருந்த ஆட்கள் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று எடுத்த முடிவு கண்முன்னால் அப்படியே இருக்கிறது. 1974இலேயே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட இதை, 2016இல் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பார்வைக்கு வைத்தபோதும் இடது பக்கத்துக்கு நுணுக்கம் சேர்க்கவில்லை. அதற்காகவே அவர்களுக்கு ஒரு நன்றி.

*

மேலே சொன்ன இருவருக்கும் நன்றி. நான் காமிக்ஸ் பக்கத்து ஆள்.

டின்டின் காமிக்ஸின் சந்திரப் பயணக் கதையில் வரும் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ராக்கெட் எல்லாருக்கும் தெரியும். இரண்டு புத்தகங்களும் 1953, 1954இல் வந்துவிட்டன, மனிதன் நிலவில் இறங்கியதோ 1969இல். அந்த ராக்கெட்டை வரைவதற்காகவே, டின்டினைப் படைத்த எர்ஜே ஒரு மாடல் செய்யச் சொன்னார். பாகம் பாகமாகப் பிரித்து உள்ளறைகளைப் பார்க்கும்படி செய்த மாடல். எந்தக் கோணத்தில் வரைந்தாலும் ஏணி எங்கே, கதவு எங்கே என்று உதவியாளர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகங்களை மறுபடி எடுத்தேன். யார் எந்தத் தளத்தில் நிற்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகத் தொடர்ந்து போனேன். கதையை மறந்து கட்டிடத்தைப் படிப்பதும் ஒரு சுகம்தான்.

அப்புறம் அந்த ராக்கெட்டை நானே கட்டினேன். வடிவம் கஷ்டமில்லை. கட்டம்தான் வேலை வாங்கும். உடல் மேலே போகப்போக ஒல்லியாகிறது, ஆனால் சுற்றிலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறக்கூடாது. அப்படியானால் ஒவ்வொரு கட்டமும் மேலே போகப்போகக் குறுக வேண்டும். அடியில் சமமாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலிருந்தும் மூக்கு வரை மெல்லிய டேப்பை நேராக இழுத்துக் கோடு பிடித்தேன். முதலில் வெள்ளை அடித்து, நன்றாகக் காயவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் சிவப்பு. இந்த வரிசை முக்கியம். சிவப்பின் மேல் வெள்ளை அடித்தால் எத்தனை பூச்சு போட்டாலும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு அடித்தால் கோடு கத்தியால் வெட்டிய மாதிரி வரும். டேப்பை உரித்து முதல் கட்டம் சுத்தமாகத் தெரிந்ததும் வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்தக் கட்டம் வெறும் அலங்காரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் சோதனைக்காக ஏவிய வி-2 ராக்கெட்டுகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், பறக்கும்போது அது தன்னைத்தானே சுற்றுகிறதா என்று படத்தில் பார்க்க. காமிக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு அழகாக்கிவிட்டது.

*

ரோபோ பக்கம் யாரும் வரவில்லையே! நான் வருகிறேன்.

குண்டம் என்ற ஜப்பானிய ரோபோ அனிமேஷனின் முதல் தொடர் 1979இல் தொடங்கியது. ஆதரவு போதாமல் 43 எபிசோடுகளோடு 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்தின் குண்டம் கிட்கள் வந்தன, பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். தொடர் மறுபடி உயிர் பெற்றதில் அந்தக் கிட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கதையில் அந்த ரோபோ 18 மீட்டர் உயரம், 1/144 அளவில் மேசைமேல் 12.5 சென்டிமீட்டர்.

நானும் என் பெண்ணும் சேர்ந்து கட்டுகிறோம். இப்போது வரும் கிட்களுக்குப் பசையும் வேண்டாம், பெயின்டும் கட்டாயம் இல்லை. பாகங்கள் அந்தந்த நிறத்திலேயே வருகின்றன, அழுத்தினால் பொருந்திவிடும். சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி எடுக்கும் நிப்பர் வேலை அவளுடையது. பாகத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்துக்கு இன்னொரு வெட்டு. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். அவள் இதைக் கற்றுக்கொண்ட வேகம் என்னை அசத்திவிட்டது. முழங்கால் மூட்டை மாட்டி மடக்கிப் பார்த்தபோது, உள்ளே ஒரு தகடு நகர்ந்து வெளிக்கவசத்துக்கு வழிவிட்டது. அவள் உடனே, "அப்பா, சண்டைக் காட்சியில் இப்படித்தான் மண்டியிட்டான்!" என்று ஓடிப்போய் தொடரின் அந்த எபிசோடைப் போட்டாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

ஒரு சந்தேகம். அடுத்து அவளுக்கு முழுவதும் பெயின்ட் அடிக்க ஆசை. திரையில் பார்க்கும் அதே நிறத்தை அடித்தால் மேசைமேல் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறதே, ஏன்?

*

கேள்வியைத் தொடங்கியவன்தான் மறுபடி. எல்லாவற்றையும் படித்தேன். அந்த இடது பக்கக் கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி.

நிறம் பற்றி: பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் இருக்கும் காற்று நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. மாடலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் அந்த வெளுப்பு கிடைப்பதில்லை. அதனால் நிறத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்து அடிப்பது பலருடைய வழக்கம். மாடல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கூடுதல் வெள்ளை. சிவப்பில் மட்டும் கவனம், வெள்ளை சேர்ந்தால் ரோஜா நிறமாகிவிடும். அதற்கு ஒரு துளி ஆரஞ்சு நல்லது. கறுப்பை அப்படியே அடிக்காமல் அடர் சாம்பல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முதுகுப் பக்கத்துப் பாகம் ஏதாவது ஒன்றில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஒரு படம் போடுங்கள், எல்லாரும் பார்க்கலாம்.